தீவகத்துக்கு வோட்டுக் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் கேட்காமல் விடுகிற இரண்டு கேள்விகள்

தேர்தல் காலத்தில் தீவகத்துக்கு வோட்டுக் கேட்டு வாற எவரிடமும் எங்கட ஆக்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். நெடுந்தீவுக்கு நல்ல படகு எப்ப வரும்? குடிதண்ணிக்கு என்ன வழி? படிச்ச பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா? இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய கேள்வி: தமிழருக்கு என்ன தீர்வு? இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லாத கேள்வி இல்லை. ஆனால் நாட்டின்ர கடன், வெளிநாட்டுக் கொள்கை என்று யாராவது வாயெடுத்தால், "அது கொழும்பு ஆக்களின்ர கதை தம்பி, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று முடிச்சுப் போடுவினம்.

ஊர்காவற்றுறைத் தொகுதியின் தேர்தல் கதையை 1931 இலிருந்து திருப்பிப் பார்த்தால், கொழும்பு ஆக்களின்ர கதை என்று நாங்கள் தள்ளிவிடுகிற இந்த இரண்டு விஷயங்களும் திரும்பத் திரும்பத் தீவகத்தின்ர படலையைத்தான் தட்டியிருக்கின்றன. வோட்டுக்கு முதல் நாங்கள் கேட்காததை, வோட்டுக்குப் பிறகு வேறு ஆக்கள் எங்களுக்காக முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறோம்.

வோட்டு வேண்டாம் என்ற இளைஞர்கள்

1931 இல் டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் இலங்கையில் சர்வசன வாக்குரிமையுடன் முதலாவது தேர்தல் நடந்தது. ஆணும் பெண்ணும், படிச்சவரும் படிக்காதவரும், சாதி பாராமல் எல்லோரும் வாக்களிக்கலாம். ஆசியாவிலேயே அது புதுமை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுப் போடவில்லை. வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில் தீவகத்தில் வாக்கெடுப்பே நடக்கவில்லை.

அந்தப் புறக்கணிப்பின் பின்னால் நின்றது யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய அமைப்பு அது. ஹன்டி பேரின்பநாயகம் அதன் முன்னணி ஆள். 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்கள்தான். டொனமூர் தருவது முழுமையான சுயராச்சியம் இல்லை, ஆனபடியால் அதை ஏற்கமாட்டோம் என்பது அவர்களின் நிலைப்பாடு.

புறக்கணித்தது சரியா பிழையா என்று இண்டைக்கும் வாதாடலாம். 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை நான்கு தொகுதிகளும் அரசாங்க சபையில் ஆளில்லாமல் கிடந்தன என்பதும் உண்மை. எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டொனமூர் யாப்பு கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளூர் நிர்வாகம் போன்றவற்றைத் தெரிவான உறுப்பினர்களின் ஏழு குழுக்களிடம் கொடுத்தது. நிதியையும் வெளிவிவகாரத்தையும் பாதுகாப்பையும் கொடுக்கவில்லை. நிதி, நிதிச் செயலாளர் என்ற அதிகாரியிடம். வெளிவிவகாரமும் பாதுகாப்பும் பிரதான செயலாளரிடம். இருவரும் வோட்டால் வந்தவர்களில்லை. பள்ளிக்கூடம் கட்டுவதைப் பற்றிக் கதைக்கலாம். கடன், கப்பல், படை பற்றி முடிவெடுக்க ஏலாது. அப்படிப் பாதி அதிகாரம் உள்ள வோட்டைத்தான் அந்த இளைஞர்கள் வேண்டாம் என்றார்கள்.

இண்டைக்கு நிலைமை அப்படியில்லை. எங்கட வோட்டுக்கு இந்த இரண்டின் மேலும் அதிகாரம் இருக்கிறது. அரசியலமைப்பின் 148 ஆவது உறுப்புரை பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அரசாங்கம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற எல்லை எழுதப்படுகிறது. அதற்குக் கை உயர்த்துவது நாங்கள் அனுப்புகிற ஆள். 1931 இல் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத பலம் எங்களிடம் இருந்தும், அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமலே வோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தேர்தலுக்குப் பிறகு வந்த கடதாசிகள்

1947 தேர்தல் ஓகஸ்ட், செப்டெம்பரில் முடிந்தது. நவம்பர் 11 ஆம் திகதி பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தமும் வெளிவிவகார ஒப்பந்தமும் கையெழுத்தாகின. திருகோணமலையும் கட்டுநாயக்காவும் 1957 வரை பிரித்தானியப் படைத்தளங்களாக இருந்ததற்கு வேர் அந்தக் கடதாசிகளில் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முந்தின தேர்தலிலேயே ஒரு வழக்கம் தொடங்கிவிட்டது: முதலில் வோட்டு, பிறகு ஒப்பந்தம்.

அதே வழக்கம் 1974 இல் எங்கட கடலுக்குள் வந்தது. ஜூன் 26 ஆம் திகதி கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 28 ஆம் திகதி புதுடில்லியில் இந்திரா காந்தியும் பாக்கு நீரிணையின் எல்லைக் கோட்டுக்குக் கையெழுத்து வைத்தார்கள். கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. 285 ஏக்கர் வரும் அந்தத் தீவு நிர்வாகக் கணக்கில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குள்தான் இருக்கிறது. 1976 மார்ச்சில் இரண்டு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்றன.

1970 தேர்தலில் ஊர்காவற்றுறையில் வென்றவர் தமிழரசுக் கட்சியின் கா. பொ. இரத்தினம். அந்தத் தேர்தல் மொழிக்கும் சமஷ்டிக்குமாக நடந்த தேர்தல். கடல் எல்லையை எங்கே போடுவது என்பது மேடைப் பேச்சுக்கு வருகிற விஷயமாக அப்போது இருக்கவில்லை. ஆனால் கோடு விழுந்தது நெடுந்தீவு மீனவரின் கடலில். அந்தக் கோட்டைத் தாண்டி வருகிற இழுவைமடி ரோலர்களோடு அவரின் பேரப்பிள்ளை இண்டைக்கும் மல்லுக்கட்டுகிறார்.

அதே எழுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் வீட்டுக்குள் வந்தது. இந்த முறை நன்மையாக. டொலர் இல்லாததால் 1970 இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வரவில்லை. யாழ்ப்பாணத்து விவசாயி நல்ல விலைக்கு விற்றார். மிளகாய்க் காசில் கல்வீடு கட்டின கதைகளை வயதானவர்கள் இப்பவும் சொல்லுவினம். 1977 ஜூலை 21 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வென்று கதவைத் திறந்துவிட்டது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்தன, விலை விழுந்தது.

1977 இல் வடக்கு முழுவதும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பின்னால் நின்றது. முதல் வருடம் நிறைவேறின வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கான ஆணை அது. அந்த நேரத்தில் வேறு கேள்வி கேட்டிருக்கலாமே என்று இங்கிருந்து சொல்வது இலகு. தரப்படுத்தலும் மொழிச் சட்டமும் வதைத்த காலத்தில் அந்தக் கேள்வியே முன்னுக்கு நின்றது நியாயம். ஆனாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. திறந்த பொருளாதாரம் வந்தால் மிளகாய்த் தோட்டத்துக்கு என்ன நடக்கும் என்று கேட்க, அந்தத் தேர்தலில் இங்கே ஒரு மேடை இருக்கவில்லை.

வோட்டுப் போடாதவனையும் கடன் பிடிக்கும்

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 சதவீதம்தான். விடுதலைப் புலிகளின் பகுதியிலிருந்து வந்த புறக்கணிப்பும், அதற்குப் பின்னால் இருந்த பயமும் காரணம். நாடு முழுவதும் வெற்றி வித்தியாசம் 180,786 வாக்கு. யாழ் மாவட்டத்தில் மட்டும் பதிவான வாக்காளர் ஏழு லட்சம். அந்தத் தேர்தல் போரின் போக்கை மாற்றியது பற்றி நிறைய எழுதியாயிற்று. கடனின் போக்கையும் அந்தக் காலம் மாற்றியது. 2007 இல் இலங்கை முதன்முதலாக சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலருக்கு இறைமைப் பிணைமுறி விற்றது. அதுவரை பெரும்பாலும் நீண்ட தவணை, குறைந்த வட்டி, அரசுகளும் உலக வங்கியும் தந்த கடன். அதற்குப் பிறகு குறுகிய தவணை, கூடின வட்டி, முகம் தெரியாத முதலீட்டாளர். ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடனும் அதே காலம்தான். 2017 இல் அந்தத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனது.

2019 க்கு வருவோம். கோட்டாபய ராஜபக்ஷவின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வற் வரியை 8 சதவீதமாகக் குறைப்பதாக எழுதியிருந்தது. ஒளிச்சு மறைச்சு இல்லை, அச்சடித்த புத்தகத்தில். அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர, இதைச் செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். தேர்தல் முடிந்து சில வாரங்களில் 15 சதவீதமாக இருந்த வற் 8 ஆனது. அரச வருமானம் சரிந்தது, பிறகு கொரோனா, சர்வதேசச் சந்தைகள் கடன் தர மறுத்தன. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உட்படச் சிலர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

யாழ் மாவட்டத்தில் 2019 இல் எண்பது சதவீதத்துக்கு மேல் சஜித் பிரேமதாசவுக்குத்தான் விழுந்தது. ஆனால் அது வரிக் கொள்கையைப் பார்த்துப் போட்ட வோட்டு இல்லை. போரின் நினைவிலிருந்து போட்ட வோட்டு. காரணம் எதுவாயிருந்தாலும், கோட்டாபயவுக்குப் போடாத நாங்கள் தப்பினோமா? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. தீவகத்துச் சின்ன வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். அடுப்பும் அதில்தான் பல வீடுகளில். நாலு மடங்கு விலையில் எண்ணெய் அடிச்சுக் கடலுக்குப் போய், ரோலர் வாரின மிச்சத்தைப் பிடித்து வந்து கட்டுமா?

வெளிநாட்டுக் காசு வாற வீடுகளுக்கும் இது வேறு விதமாக வந்தது. 2022 மார்ச் தொடக்கம் வரை டொலரை ஏறக்குறைய 203 ரூபாவில் மத்திய வங்கி பிடித்து வைத்திருந்தது. வெளியில் அதைவிடக் கூட. ஆகவே ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து வந்த காசு வங்கியை விட்டு உண்டியலுக்குத் திரும்பியது. வங்கிக்கு டொலர் வராமல் போனது, எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் போனது. விட்ட பிறகு சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. புங்குடுதீவிலும் வேலணையிலும் நாணயமாற்று வீதம் என்பது பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்துச் சொல் இல்லை. ஒவ்வொரு மாதமும் வீட்டில் கணக்குப் பார்க்கிற இலக்கம்.

மூன்று தீவு, இரண்டு வல்லரசு

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணையாதவை. டீசல் ஜெனரேற்றரில்தான் மின்சாரம். இதைச் சூரிய ஒளியும் காற்றும் கலந்த திட்டமாக மாற்ற ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021 ஜனவரியில் சீனாவின் சினோசோர்–எரெக்வின் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை அங்கீகரித்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் சீன நிறுவனமா என்று இந்தியா எதிர்த்தது. அதே வருடம் டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையால் திட்டத்தை இடைநிறுத்துவதாகச் சீனத் தரப்பு அறிவித்தது. அந்த மாதமே சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து போனார். 2022 மார்ச்சில் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபோது புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1 இல் பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம். பணம் 11 மில்லியன் டொலர், இந்தியாவின் நன்கொடை. மொத்தம் 2,230 கிலோவாற்று: சூரிய ஒளியில் 1,700, காற்றில் 530.

கடன் நன்கொடையாக மாறினது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். கட்டத் தேவையில்லை. ஆனால் கேள்விப்பத்திரம் கோரி, விலை பார்த்து, ஒரு முடிவு எடுத்தபிறகு, அதை மாற்றினது நெடுந்தீவுக்காரரின் தேவை இல்லை. இரண்டு வல்லரசுகளின் கணக்கு. மூன்று வருடம் போனது. அந்த மூன்று வருடமும் ஜெனரேற்றருக்கு டீசல் கடல் கடந்துதான் வந்தது, அதுவும் 2022 இன் விலையில். எங்களுக்கு எது நல்லது, எவ்வளவு விரைவாக வேணும் என்று அந்த மேசையில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தீவகத்துக்கு இது பழகின கதைதான். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இந்தத் தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள்: லெய்டன், அம்ஸ்ரடாம், ஹார்லெம், ரொட்டர்டாம், டெல்ஃப்ற். அதில் டெல்ஃப்ற் இண்டைக்கும் ஆங்கில வரைபடத்தில் கிடக்கிறது. ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையும் அந்தக் காலத்துக் கப்பல் அரசியலின் மிச்சம். இந்தக் கடல் யாருக்கு என்ற கேள்வி பழசு. அதை வோட்டோடு சேர்த்துக் கேட்கிற வசதிதான் புதுசு.

2024: படித்துப் பார்த்தால் என்ன தெரிந்தது

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், விஞ்ஞாபனங்களையும் பேட்டிகளையும் இந்த இரண்டு கேள்விகளுக்காக மட்டும் வாசித்துப் பார்த்தோம். முதலில் பின்னணி: 2023 மார்ச் 20 இல் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு அனுமதி தந்தது. 1965 இலிருந்து எண்ணினால் இது 17 ஆவது திட்டம். நிபந்தனைகளில் இரண்டு முக்கியம்: வட்டியை விட்டுப் பார்த்தால் அரசின் வரவு செலவை விட மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதத்தால் கூட இருக்க வேணும். 2032 இல் பொதுக் கடன் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேணும். 2024 ஜனவரியில் வற் 18 சதவீதமானது இதன் வழியாகத்தான்.

ரணில் விக்கிரமசிங்க: ஒப்பந்தத்தில் கைவைக்கக்கூடாது, வைத்தால் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டிவரும். சஜித் பிரேமதாச: நிதியத்தோடு இருப்போம், ஆனால் மக்களின் சுமை குறைய நிபந்தனைகளைத் திருத்துவோம். அநுர குமார திசாநாயக்க: நிதியத்தை விட்டு விலகமாட்டோம், ஆனால் கடன் தாங்குதிறன் கணக்கை நாங்களே புதிதாகப் போட்டுத் திரும்பப் பேசுவோம். பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றது வெல்வதற்கு இல்லை, ஒரு செய்தி சொல்ல. அவரிடம் கடனுக்குப் பதில் தேடுவது பொருந்தாது. யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கும் அரியநேத்திரனுக்கும் நெருக்கமான போட்டி. நாட்டில் வென்றவர் அநுர.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் பாடம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன், செப்டெம்பர் 19 ஆம் திகதி, ரணிலின் அரசாங்கம் பிணைமுறிக்காரருடன் 12.5 பில்லியன் டொலர் அளவுக்குக் கொள்கையளவில் உடன்பட்டது. புதிய ஜனாதிபதி சில நாளில் அதை ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் பழைய பிணைமுறிகளுக்குப் புதியவை மாற்றப்பட்டன. அவற்றில் ஒரு வகை, நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததை விட நன்றாக வளர்ந்தால் நாங்கள் கட்ட வேண்டியதும் கூடும் என்ற நிபந்தனை உள்ளது. திரும்பப் பேசுவோம் என்ற வாக்குறுதி அங்கே முடிந்தது.

"பாத்தியளே, வாசிச்சு என்ன பிரயோசனம்? சொல்லுறது ஒண்டு, செய்யிறது ஒண்டு" என்று சிலர் சொல்லுவினம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எழுதின வாக்குறுதி இருந்தால்தான் அதிலிருந்து எவ்வளவு தூரம் போனார்கள் என்று அளக்கலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனத்தின் 484 மெகாவாற்றுக் காற்றாலைத் திட்டத்தை எதிர்ப்பதாக அநுர தேர்தலுக்கு முன் சொன்னார். அரசாங்கம் விலையைத் திரும்பப் பேச முனைந்தது. 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. ஒன்றில் சொன்னது நடந்தது, ஒன்றில் நடக்கவில்லை. முதலில் வாசித்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். 2025 ஏப்ரல் 5 இல் இந்தியாவுடன் பாதுகாப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், 1947 இல் போலத் தேர்தலுக்குப் பிறகுதான் கடதாசி வந்தது.

வாற முறை என்ன கேட்கலாம்

ஜனாதிபதித் தேர்தல் மட்டும்தான் இதற்குரிய இடம் என்றில்லை. யாழ் மாவட்டத்துக்கு 2020 இல் ஏழு பாராளுமன்ற ஆசனம், 2024 இல் ஆறு. ஆள் குறையக் குறைய ஆசனமும் குறைகிறது. உள்ள ஆறு பேரையும் நாங்கள் கூடுதலாக வேலை வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு உறுப்பினர் என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் உண்டு. இழுவைமடித் தொழிலை இலங்கைக் கடலில் தடைசெய்த 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையிலிருந்து வந்தது. அமைச்சுப் பதவி இல்லாத ஒருவர், இரண்டு நாட்டுக்கு நடுவில் உள்ள விஷயத்தில் சட்டம் கொண்டுவர முடிந்தது. சட்டம் கடலில் எவ்வளவு நடைமுறையானது என்பது அடுத்த கேள்வி. அதையும் கேட்க வேணும்.

எங்கட பட்டியலில் இப்போதைக்கு இருக்கிற கேள்விகள் இவை:

ஒன்று. கடந்த வரவுசெலவுத் திட்டத்துக்கும் கடன் எல்லைக்கும் நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள், ஏன்? புதியவர் என்றால், இருந்திருந்தால் எப்படி?

இரண்டு. வரியைக் குறைப்போம், மானியம் தருவோம் என்றால், அந்தக் காசு எங்கிருந்து? 2019 இல் இந்தக் கேள்வியை நாடு கேட்கவில்லை.

மூன்று. 2028 இலிருந்து வெளிநாட்டுக் கடனின் பெரிய தவணைகள் கூடும். அப்போது சுமை எரிபொருள் விலையில் விழுமா, வருமான வரியில் விழுமா, ஊழியர் சேமலாப நிதியில் விழுமா? 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதி சுமந்தது, வங்கிகள் தப்பின.

நான்கு. வடக்கில் வெளிநாட்டு அரசோ நிறுவனமோ செய்கிற திட்டத்தின் ஒப்பந்தத்தை மூன்று மொழியிலும் பாராளுமன்றத்தில் வைக்கக் கேட்பீர்களா? இந்தியா, சீனா யாராக இருந்தாலும் ஒரே பதிலா?

ஐந்து. இழுவைமடி விஷயத்தில் டில்லியோடும் சென்னையோடும் என்ன பேசுவீர்கள்? தமிழ்நாட்டு உறவும் வேணும், நெடுந்தீவு வலையும் மிஞ்ச வேணும் என்றால் என்ன வழி?

பதில் தேட மேடைப் பேச்சு போதாது. ஹன்சாட்டில் பேச்சு அவர்கள் பேசின மொழியிலேயே, தமிழில் பேசினால் தமிழிலேயே, கிடைக்கிறது. ஆர் எப்படிப் பேசினார், எத்தனை தரம் வந்தார் என்பதை வெரிட்டே ரிசர்ச் நடத்துகிற மந்திரி இணையத்தளம் தொகுக்கிறது. விஞ்ஞாபனத்தை முழுக்க வாசிக்க நேரமில்லை என்றால் கடன், வரி, வெளிநாட்டுறவு, கடற்றொழில் என்ற நாலு தலைப்பையும் மட்டும் தேடி வாசிக்கலாம். ஒருவர் வாசித்து நாலு வீட்டுக்குச் சொன்னாலே போதும். அம்மம்மாவுக்குச் சொல்லும்போது மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று தொடங்க வேண்டாம். மண்ணெண்ணெய் விலையிலிருந்து தொடங்குங்கோ, அவ மிச்சத்தைத் தானே கேட்பா.

தீர்வு என்ன என்ற பழைய கேள்வியை இதற்காகக் கைவிடச் சொல்லவில்லை. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அதிகாரப் பகிர்வு எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஆனால் அதிகாரம் பகிரப்பட்டு ஒரு நாள் எங்கட கைக்கு வந்தாலும், கூடவே கடனும் கடல் எல்லையும் வரும். அதைக் கையாளத் தெரிந்தவர் யார் என்று இப்பவே பார்த்து வைப்பது கெட்டித்தனம். வாற தேர்தலில் உங்கட படலைக்கு வருகிறவரிடம் இந்த ஐந்தில் ஒன்றையாவது கேளுங்கோ. பதிலைத் திகதியோடு எழுதி வையுங்கோ.